அப்பாவின் மூளை சுருங்கியிருக்கிறது, அக்கா மகனின் மூளை நார்மல்: இரண்டு ரிப்போர்ட்டையும் எப்படி வாசிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வயது 71. ஒரு வருடமாக மறதி, சொன்னதையே மறுபடி மறுபடி சொல்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அக்கா மகனுக்கு வயது 4. பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து எடுத்த அவனுடைய எம்.ஆர்.ஐ. முழுக்க நார்மல். ‘சுருங்கிப்போன மூளையைப் பரவாயில்லை என்கிறார்கள், நன்றாக இருக்கிற மூளைக்கு வைத்தியம் பார்க்கச் சொல்கிறார்கள், எந்த ரிப்போர்ட் தப்பு?’ என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் தயங்கியபடி இன்னொன்றும் இருக்கிறது: தாத்தாவுக்கும் பேரனுக்கும் மூளையிலேயே பிரச்சினை என்றால், இது குடும்பத்தில் ஓடுகிற ஒரே வியாதியா? அந்தக் கடைசி வரிதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன்.

மூளை, தண்டுவட ஸ்கேன்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலை. உங்கள் வீட்டு ஸ்கேன்களை நான் பார்க்கவில்லை. ஆகவே அப்பாவுக்கு இன்ன நோய் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் அந்த இரண்டு ரிப்போர்ட்டுகளும் ஒன்றோடொன்று மோதுவதாக உங்களுக்குத் தோன்றுகிறதே, அது அப்படியில்லை. இரண்டுமே சரியாக இருக்க முடியும். அது புரிய, நல்ல ஆரோக்கியமான மூளையே வயதோடு எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

2022-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கருவில் 115 நாளான சிசுவிலிருந்து 100 வயது முதியவர் வரை, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் 1,23,984 மூளைப் படங்களைச் சேர்த்து, குழந்தைகளின் எடைக்கும் உயரத்துக்கும் இருக்கிற வளர்ச்சி அட்டையைப் போல மூளைக்கும் ஒன்று தயாரித்தார்கள். நியூரான்கள் என்ற நரம்பு செல்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதி ஏறக்குறைய 6 வயதிலேயே உச்ச அளவைத் தொட்டுவிடுகிறது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க மெல்ல மெல்ல இறக்கம்தான். நியூரான்களை இணைக்கும் நார்கள் ஓடும் வெள்ளை நிறப் பகுதி 29 வயதை ஒட்டி உச்சம் தொட்டு, பிற்பாடு இறங்குகிறது. மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் வயதாக ஆக அகலமாகின்றன. 71 வயதில் மூளை கொஞ்சமும் சுருங்காமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன். எந்த ஃபிலிமைக் கையில் எடுத்தாலும் என் கண் முதலில் போவது மூலையில் அச்சாகியிருக்கும் வயதுக்குத்தான். ஒரே படம் 80 வயதுக்காரருக்கு இயல்பு, 50 வயதுக்காரருக்கு அபாயம்.

நெய்து முடித்த துணி நைந்துபோவது ஒன்று. தறியில் ஏறும்போதே பாவும் ஊடையும் வேறு விதமாகக் கோக்கப்படுவது வேறொன்று. அல்சைமர், பார்க்கின்சன் போன்றவை முதல் வகை, மூளை அழிவு நோய்கள். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) போன்றவை இரண்டாவது வகை, மூளை வளர்ச்சி சார்ந்தவை. முதல் வகையில் நான் தேடுவது இழப்பை, அதாவது எங்கே, எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை. இரண்டாவது வகையில் இழந்தது என்று காட்ட பெரும்பாலும் எதுவும் இருக்காது.

அப்பாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். மறதிக்காக ஒருவர் வந்தால் மொத்தச் சுருக்கத்தைவிட, எந்த இடம் சுருங்கியிருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். காதுக்கு உட்புறமாக, மூளையின் அடியில், இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதி இருக்கிறது. கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். இன்று காலை நடந்ததை நாளைக்கு நினைவு வைத்துக்கொள்ள அது வேண்டும். அல்சைமர் நோயில் நியூரான்களுக்குள் டௌ என்ற புரதம் முறுக்கிக்கொண்டு சிக்கலாவது முதலில் இதன் வாசல்படி போன்ற பக்கத்துப் பகுதியில்தான். பிறகு ஹிப்போகேம்பஸ், அதற்கும் பிறகு மூளையின் மேற்பரப்பு. இந்த வரிசையை ஜெர்மனியின் ஹைக்கோ பிராக், ஈவா பிராக் இணையர் 1991-இல் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து வகைப்படுத்தினார்கள். மறதி ஏன் முதலில் வருகிறது, வழி தெரியாமல் போவதும் சொற்கள் கிடைக்காமல் திணறுவதும் ஏன் பின்னால் வருகின்றன என்பதற்கு அந்த வரிசையே பெரும்பாலும் விளக்கம். நியூரான்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற இன்னொரு புரதம் திட்டுத் திட்டாகப் படிவது, மறதி தொடங்குவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பே ஆரம்பித்துவிடுகிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இந்தப் புரதங்கள் எதுவும் தெரியாது. தெரிவது அவற்றின் பின்விளைவு: ஹிப்போகேம்பஸ் மெலிகிறது, அதை ஒட்டிய நீர் இடைவெளி விரிகிறது. அதை 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு எழுதுவோம். 75 வயதுக்குள் இருப்பவருக்கு 2 வந்தால் கவனிக்க வேண்டியது. அதற்கு மேற்பட்டவருக்கு 2 வரை விட்டுவிடலாம் என்பது நடைமுறையில் பலர் பின்பற்றும் அளவு. முதுமையில் ஹிப்போகேம்பஸ் ஆண்டுக்குச் சுமார் ஒன்று, ஒன்றரை சதவீதம் குறைகிறது. அல்சைமர் நோயில் அது மூன்றிலிருந்து ஐந்து சதவீதம் வரை போகிறது. ஒரே ஒரு படத்தில் இந்த வேகம் தெரியாது என்பதைக் கவனியுங்கள். பிறவியிலேயே ஹிப்போகேம்பஸ் சிறிதாக இருப்பவரும் உண்டு, பெரிதாக இருந்து பாதி இழந்தவரும் உண்டு. ஒருநாள் எடுத்த படத்தில் இருவரும் ஒரே மாதிரி தெரிவார்கள். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் இந்த மதிப்பெண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டர் மூலம் கேட்டு வாங்கலாம். ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்ற ஒற்றை வரி தவறு இல்லை, ஆனால் மறதிக்காக எடுத்த ஸ்கேனுக்கு அது போதாது என்பது என் அபிப்பிராயம்.

இடம்தான் நோயைச் சொல்கிறது என்றேன். நெற்றிப் பக்கமும் காதோரமாக உள்ள டெம்பொரல் மடலின் முனையும் கத்தி விளிம்பு போல் மெலிந்திருந்தால், அது மறதியைவிடக் குணமாற்றத்தில் தொடங்கும் வேறு நோய். கூச்சமே இல்லாமல் பேசுவது, அக்கறையற்றுப் போவது, இனிப்பை அள்ளி அள்ளித் தின்பது எல்லாம் அதன் அறிகுறிகள். 1892-இல் ஆர்னால்ட் பிக் முதலில் விவரித்தது இந்த வகையைத்தான். ஹன்டிங்டன் நோயில் மூளையின் நடுவே இருக்கும் காடேட் என்ற பகுதி தேய்கிறது. அந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குக் கைகால்கள் தன்னிச்சையாக ஆடத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தத் தேய்வை அளந்து காட்ட முடிந்திருக்கிறது. நடு மூளை மட்டும் மெலிந்து, பக்கவாட்டுப் படத்தில் ரீங்காரச் சிட்டின் தலையும் அலகும் போலத் தெரிந்தால், அடிக்கடி பின்பக்கமாக விழும் ஒரு நோயை யோசிப்போம். பார்க்கின்சனில் கதை நேர்மாறு. அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்களில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் கை நடுக்கமே வருகிறது என்பது பொதுவான மதிப்பீடு, ஆனாலும் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் அந்த மூளை நார்மல். தனி முறையில் எடுத்தால், நடு மூளையில் இரட்டைவால் குருவியின் வால் போலத் தெரிய வேண்டிய ஒரு வெளிர்கீற்று மறைந்திருப்பதைக் காணலாம். மூளையின் ஒரு மூலையில் அவ்வளவு பெரிய இழப்பு நடந்தும் படம் நார்மல் என்று வருகிறதென்றால், ‘நார்மல்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதில் ஐயம் குறைவு. இனி ஐயத்துக்குரிய பக்கம். சுருக்கமும் சுகக்கேடும் ஒன்றுக்கொன்று சமமா? அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, இறந்தபின் அவர்களின் மூளைகளையும் டேவிட் ஸ்னோடன் குழுவினர் ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் 101 வயது வரை வாழ்ந்தவர். கடைசி வரை நினைவாற்றல் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். அவருடைய மூளையைத் திறந்து பார்த்தால் அல்சைமரின் படிவுகளும் சிக்கல்களும் நிறைய. இதை விளக்க ‘மூளையின் கையிருப்பு’ என்ற கருத்தை முன்வைக்கிறார்கள். படிப்பு, தொழில், பேச்சுத் துணை இவையெல்லாம் சேர்ந்து, சேதத்தைத் தாங்கும் உபரி வலிமையை ஏற்படுத்துகின்றன என்கிறார்கள். புள்ளிவிவர அளவில் இதற்குப் பலமான ஆதரவு உண்டு. ஒரு தனி மனிதரிடம் அந்தக் கையிருப்பு எவ்வளவு என்று அளக்கும் கருவி கிடையாது.

இன்னொரு புதிர், இது எனக்கு இன்னும் நெருடலாகவே இருக்கிறது. அமிலாய்டை அகற்றும் லெக்கானமாப் என்ற ஊசி மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. 1,795 பேரை வைத்து 18 மாதம் நடந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களின் சரிவு மற்றவர்களைவிட 27 சதவீதம் மெதுவாக இருந்தது. ஆனால் அவர்களின் மொத்த மூளை அளவு, மருந்து பெறாதவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. படிவுகளும் அவற்றைச் சுற்றிய வீக்கமும் போனதால் ஏற்பட்ட குறைவு, அதில் கெடுதல் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். அந்த விளக்கம் சரியாக இருக்கலாம், ஆனால் இன்னும் தீர்ந்துபோன விஷயம் இல்லை. ‘சுருங்கினால் மோசம், சுருங்காவிட்டால் நல்லது’ என்ற எளிய கணக்கு இங்கே உடைகிறது.

அப்படியானால் அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் என்ன பயன்? பெரிய பயன், வேறொன்றைத் தேடுவதில் இருக்கிறது. மறதிபோல வேடம் போட்டு வரும், சரிசெய்யக்கூடிய காரணங்கள் சில உண்டு. குளியலறையில் லேசாக வழுக்கித் தலையில் இடித்துக்கொண்டதை வீட்டில் எல்லாரும் மறந்திருப்பார்கள். சில வாரங்கள் கழித்து மண்டையோட்டுக்கு அடியில் பழைய ரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருக்கும். அதை வெளியேற்றினால் ஆள் பழையபடி ஆகிவிடுவார். நீர் அறைகள் மட்டும் அளவுக்கு மீறி விரிந்து, கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடை, அடக்க முடியாத சிறுநீர், மந்தம் மூன்றும் சேர்ந்து வரும் ஒரு நோயை 1965-இல் ஹக்கீமும் ஆடம்ஸும் விவரித்தார்கள். நீரை வடிக்கும் குழாய் வைத்துப் பலரை நடக்க வைக்க முடிகிறது. கட்டி, சத்தமில்லாமல் வந்துபோன சின்னச் சின்னப் பக்கவாதங்கள் இவையும் எம்.ஆர்.ஐ.யில் தெரியும். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது மந்தம் இவை எதுவும் மறதிக்குக் காரணமென்று படம் சொல்லாது. ரத்தப் பரிசோதனையும் நிதானமான விசாரிப்பும்தான் காட்டும். உங்கள் கேள்வியில் பி12, தைராய்டு பற்றி எதுவும் இல்லை. பார்க்கவில்லையென்றால் இந்த வாரமே பாருங்கள்.

இப்போது பையன். கருவில் நியூரான்கள் பிறப்பது மூளையின் ஆழத்தில், நீர் அறைகளின் ஓரத்தில். அங்கிருந்து ஒவ்வொன்றும் மேற்பரப்பை நோக்கி ஊர்ந்து போய்த் தன் இடத்தில் அமர வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ என்ற வரைபடத் தொகுப்பில், நான்கு முதல் ஆறு மாதக் கருமூளைகளின் 5,132 வெட்டுத் துண்டுகளில் இந்தக் கட்டத்தை செல் அளவில் பார்க்க முடிகிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம், பாருங்கள். இந்தப் பயணம் பெரிய அளவில் தடைப்பட்டால் மடிப்புகளே இல்லாத வழவழப்பான மூளை உருவாகும், அல்லது இடதையும் வலதையும் இணைக்கும் பாலம் உருவாகாமல் போகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் வெள்ளைப் பகுதியில் தழும்பு விழும். இவை எல்லாம் எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரியும். பையனுக்கு ஸ்கேன் எடுத்தது இப்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். ‘நார்மல்’ என்ற வார்த்தைக்கு இங்கே அவ்வளவுதான் பொருள். ஆட்டிசம் இல்லை என்று அது சொல்லவில்லை, ஆட்டிசம் உண்டு என்றும் சொல்லாது. ஆட்டிசம் என்பதைக் குழந்தையின் நடத்தையையும் வளர்ச்சியையும் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

ஆனால் மூளையில் எதுவுமே மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. எங்கள் கண்ணுக்கு எட்டாத அளவில். எங்கள் படத்தின் ஒரு புள்ளி சுமார் ஒரு மில்லிமீட்டர் கனசதுரம். அந்த ஒரு புள்ளிக்குள் பல்லாயிரம் நியூரான்களும் பல கோடி இணைப்புகளும் இருக்கின்றன. குழந்தை மூளை முதலில் தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டுக்கொள்கிறது, பிறகு பயன்படாதவற்றைக் கத்தரிக்கிறது. நாற்றங்காலில் நெருக்கமாக விதைத்துவிட்டுப் பிறகு களைவது மாதிரி. இதைப் பீட்டர் ஹட்டன்லோக்கர் 1979-இல் எண்ணிக் காட்டினார். 2014-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், வெவ்வேறு காரணங்களால் இறந்த குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மூளைகளை ஒப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு வளர வளர இணைப்பு முனைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆட்டிசம் இருந்தவர்களுக்கு 16 சதவீதம்தான் குறைந்திருந்தது. முக்கியமான கண்டுபிடிப்புதான், ஆனால் பார்த்தது ஐம்பதுக்கும் குறைவான மூளைகள், மூளையின் ஒரே ஒரு பகுதி. எல்லாருக்கும் இப்படித்தான் என்று இதை வைத்து எழுதிவிட முடியாது.

பெரிய அளவிலும் சில தடயங்கள் உண்டு. 1943-இல் லியோ கேன்னர் ஆட்டிசத்தை முதன்முதலாக 11 குழந்தைகளிடம் விவரித்தபோதே, ஐந்து பேருக்குத் தலை சற்றுப் பெரியதாக இருந்தது என்று குறித்திருக்கிறார். 2017-இல் வந்த ஆய்வொன்றில், அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்த கைக்குழந்தைகளைப் பிறந்த சில மாதங்களிலிருந்தே தொடர்ந்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியானவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் மூளை மேற்பரப்பு மற்றவர்களைவிட வேகமாக விரிந்திருந்தது; இரண்டாம் வயதில் மொத்த மூளையும் பெரிதாகியிருந்தது. நம் கண்ணுக்கு நடத்தையில் வித்தியாசம் தெரியும் முன்பே இது நடந்துவிடுகிறது. ஏ.டி.எச்.டி.யிலும் காலம்தான் கதை: மூளையின் மேலடுக்கு தடிமனில் உச்சம் தொடுவது மற்றக் குழந்தைகளுக்கு நடுத்தரமாக 7.5 வயதில், இவர்களுக்கு 10.5 வயதில் என்று 2007-இல் பிலிப் ஷா குழு காட்டியது. வரிசை அதேதான், மூன்றாண்டு தாமதம்.

இதையெல்லாம் கேட்டதும், ‘அப்படியானால் பையனின் ஸ்கேனை அளந்து பார்க்கலாமே’ என்று தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை தேவை. மேலே சொன்னவை எல்லாம் கூட்டத்தின் சராசரிகள். மதுரைக்காரர்களின் சராசரி உயரம் கோவைக்காரர்களைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எதிரே நிற்கும் ஒருவரின் உயரத்தை அளந்து அவர் ஊரைச் சொல்ல முடியுமா? ஏ.டி.எச்.டி. உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒப்பிட்ட 2017 ஆய்வில் கிடைத்த வேறுபாடுகள் அவ்வளவு சிறியவைதான். சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்ட பழைய ஆய்வுகளின் முடிவுகள் பல, பெரிய ஆய்வுகளில் கரைந்து போயிருக்கின்றன. ஆகவே ‘பிரெயின் மேப்பிங் செய்து ஆட்டிசத்தின் இடத்தைக் காட்டுகிறோம்’ என்று யாராவது வண்ணப் படம் கொடுத்தால், அந்தப் பணத்தை ஸ்பீச் தெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் செலவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசிக்கும் இதே பதில்தான். பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. வீட்டை அடகு வைத்து அந்த ஊசி போட்ட பெற்றோரை, முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்களை இரு கையிலும் பிடித்தபடி, ‘முன்னேற்றம் எங்கே தெரிகிறது டாக்டர்’ என்று கேட்டு நின்றவர்களை, நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி நார்மல் படங்கள். அவர்களிடம் அதைச் சொல்வது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

தறி உவமைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மூளையில் நெசவு நிற்பதே இல்லை. ரெட் என்ற வளர்ச்சிக் கோளாறில், நன்றாக வளர்ந்த பெண் குழந்தை ஒன்றரை வயது வாக்கில் பேச்சையும் கைப் பயன்பாட்டையும் இழக்கிறாள், தலை வளர்ச்சி மந்தமாகிறது. பார்க்கிறவர்களுக்கு அழிவு நோய் என்றே தோன்றும். ஆனால் அந்த மூளையில் நியூரான்கள் சாவதில்லை. சிறிதாக, கிளைகள் குறைந்து, நெருக்கமாக இருக்கின்றன, அவ்வளவே. காரணமான மரபணு 1999-இல் தெரிந்தது. அந்த மரபணுவை வளர்ந்த எலிகளில் மறுபடி இயங்கவைத்தபோது நோய்க்குறிகள் பெருமளவு மறைந்ததை 2007-இல் ஏட்ரியன் பேர்டின் குழு காட்டியது. எலியில் நடந்தது மனிதக் குழந்தைக்கு நடந்துவிடவில்லை. இருந்தாலும் வளர்ச்சியில் பிசகினால் பிசகியதுதான் என்ற பழைய முடிவை அது அசைத்துவிட்டது.

கடைசியாக அந்தத் தயக்கமான கேள்வி. முதுமையில் வரும் வழக்கமான மறதி நோயும் குழந்தையின் ஆட்டிசமும் ஒரே வியாதி இல்லை. இரண்டும் பரவலானவை என்பதால் ஒரே குடும்பத்தில் தற்செயலாக வரலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வளர்ச்சியும் அழிவும் ஒரே வேரிலிருந்து கிளம்பும் இடங்கள் இருக்கின்றன. டவுன் சின்ட்ரோம் ஒன்று: 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதால் சிறுமூளை தொடக்கத்திலிருந்தே சிறிதாக இருக்கிறது. அமிலாய்டுக்கான மரபணுவும் அதே குரோமோசோமில் இருப்பதால், 40 வயதுக்குள் அவர்களில் ஏறக்குறைய எல்லாருடைய மூளையிலும் அல்சைமரின் படிவுகள் வந்துவிடுகின்றன.

இன்னொன்று உங்கள் வீட்டு அமைப்போடு ஒத்துப்போவதால் அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஃப்ரஜைல் எக்ஸ் என்பது ஆண்குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைவுக்கும், ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு சிறு பங்கினருக்கும் காரணமான மரபணு மாற்றம். எக்ஸ் குரோமோசோமில் டி.என்.ஏ.வின் ஒரு மூன்றெழுத்துத் தொடர் மறுபடி மறுபடி வருகிறது. அது 200-ஐத் தாண்டினால் மரபணு அணைந்துபோகும், இணைப்பு முனைகள் முதிராமல் நீண்டு மெலிந்தே இருந்துவிடும். 55 முதல் 200 வரை என்றால் அந்த மனிதருக்குக் குழந்தைப் பருவத்தில் பொதுவாக ஒன்றும் தெரியாது. அந்த எண்ணிக்கை உள்ள ஒருவரின் மகள்கள் எல்லாரும் அதைப் பெறுவார்கள்; மகளிடமிருந்து பேரனுக்குப் போகும்போது அது 200-ஐத் தாண்டிப் பெருகலாம். இத்தகைய குழந்தைகளை அழைத்துவந்த தாய்மார்கள், தங்கள் அப்பாக்களுக்கு வயதான பிறகு கை நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டுத்தான், அந்தத் தாத்தாக்களுக்கும் ஒரு மூளை நோய் வருகிறது என்பதை கலிபோர்னியாவில் ஹேகர்மன் தம்பதியர் கண்டறிந்து 2001-இல் வெளியிட்டார்கள். அந்தத் தாத்தாக்களில் பலரின் எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளையைத் தாங்கும் நடுக்காம்புகள் இரண்டும் வெள்ளையாக ஒளிரும். பேரனிடம் வளர்ச்சி மாறுகிறது, தாத்தாவிடம் அழிவு நடக்கிறது, மரபணு ஒன்றே.

பயப்படுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் அப்பாவின் மறதியை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள், நடுக்கமோ தள்ளாட்டமோ சொல்லவில்லை. ஆகவே வாய்ப்பு குறைவு. ஆனால் அவருக்கு டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறதா, நடையில் தடுமாற்றம் உண்டா, அக்காவுக்கு 40 வயதுக்குள்ளேயே மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் பையனின் டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும், ஆட்டிசமும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகளில் ஃப்ரஜைல் எக்ஸ் ஒன்று. ஒரு ரத்தப் பரிசோதனைதான். முடிவு எதுவானாலும் உங்கள் அக்கா செய்த தவறு என்று அதில் எதுவும் கிடையாது. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள்.

பையனுக்கு முறையான செவித்திறன் பரிசோதனை ஆகிவிட்டதா என்றும் கேளுங்கள். கூப்பிட்டால் திரும்பாத ஒவ்வொரு குழந்தைக்கும் அது செய்யப்பட வேண்டும். அப்பாவுக்கு, மறதி கூடினால் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழித்து டாக்டர் மறுபடி ஸ்கேன் கேட்கலாம். கேட்டால் முடிந்தவரை அதே சென்டரில், அதே மெஷினில் எடுங்கள். இப்போது கொடுத்த சி.டி.யை ரிப்போர்ட்டோடு சேர்த்துத் தேதி எழுதி வையுங்கள், வெறும் ஃபிலிமை மட்டும் வைத்துக்கொண்டு சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த படத்தைப் படிப்பவருக்கு உங்கள் அப்பாவின் பழைய படத்தைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.